அமெரிக்கா–சீனா ‘தடை’ செய்திகளைப் படிப்பது எப்படி?

2023 ஜூலை 4ஆம் தேதி காலை. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எங்கள் மேலாளர் போனை நீட்டினார். ‘ஜெர்மானியம், காலியம் ஏற்றுமதிக்குச் சீனா தடை’ என்று ஒரு தலைப்பு. “நமக்குப் பாதிப்பு உண்டா? மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க” என்றார்.

தெர்மல் கேமரா தயாரிக்கும் கம்பெனி அது. நான் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமராவுக்குச் சாதாரணக் கண்ணாடி லென்ஸ் உதவாது. சூடான பொருளிலிருந்து வரும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது, ஜெர்மானியம் விடும். அந்த லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தால் லென்ஸ் என்றே தோன்றாது. கனமான, சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஒரு உலோக வில்லை. கண்ணுக்கு நேரே பிடித்தால் எதுவும் தெரியாது. கேமராவுக்கு மட்டும் அது ஜன்னல். அந்த ஜெர்மானியத்தை உலகத்துக்குக் கொடுப்பதில் சீனாதான் முதலிடம்.

சீன வர்த்தக அமைச்சகமும் சுங்கத் துறையும் சேர்ந்து வெளியிட்ட அந்த அறிவிப்பைத் தேடி எடுத்தேன். 2023ஆம் ஆண்டின் 23ஆம் எண் அறிவிப்பு. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வரி வரியாகப் படித்தேன். தடை என்ற பேச்சே அதில் இல்லை. ஆகஸ்ட் 1 முதல் ஏற்றுமதிக்கு உரிமம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மானியத்தில் ஆறு வகைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். உலோகம், சுத்திகரித்த இங்காட் (உலோகக் கட்டி), டையாக்சைடு, டெட்ராகுளோரைடு என்று போனது. லென்ஸ் இல்லை. நாங்கள் வாங்குவதோ லென்ஸ், அதுவும் வேறொரு நாட்டு உற்பத்தியாளரிடம். மத்தியானம் போய், “பாதிப்பு இல்லை சார்” என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் லென்ஸ் உற்பத்தியாளரிடமிருந்து மெயில் வந்தது. இங்காட் வரவில்லை, கையில் இருப்பது தீர்கிறது, டெலிவரி பத்து வாரம் தள்ளிப்போகும், விலையும் மாறும் என்று எழுதியிருந்தார்கள். சீனாவில் உரிம விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சட்டம் தரும் அவகாசம் 45 வேலைநாள். ஆகஸ்ட் மாதத்தில் இந்த இரண்டு உலோகங்களும் சீனாவிலிருந்து ஏற்றுமதியே ஆகவில்லை என்று சுங்கக் கணக்கு சொன்னது. சில விண்ணப்பங்களுக்கு அனுமதி தந்திருக்கிறோம் என்று அமைச்சகம் சொன்னதே செப்டம்பர் 21 அன்றுதான்.

தலைப்பும் தவறு, நான் சொன்ன பதிலும் தவறு. அந்தப் பத்து வாரத்தில் பொருள் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட செய்திகளைப் படிப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டேன். பர்ச்சேஸில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சிப் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவருக்கும், இந்தத் துறையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

‘தடை’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

செய்தியில் ‘தடை’ என்று ஒரே சொல்லில் வருவது உண்மையில் நான்கைந்து வேறு வேறு விஷயங்கள்.

வரி போட்டால் பொருள் வரும், விலை ஏறும். உரிமம் வேண்டும் என்றால் பொருள் வரலாம், எப்போது என்பது அதிகாரியின் கையில். பெயர்ப்பட்டியலில் ஒரு நிறுவனத்தைச் சேர்த்தால் அந்த நிறுவனத்துக்கு மட்டும் சிக்கல். அதே பொருளை அடுத்த தெருக்காரர் வாங்கலாம். ‘வாங்காதே’ என்று தன் நாட்டுக்காரர்களுக்கே சொல்வது இன்னொரு வகை. 2023 மே மாதம் அமெரிக்க மைக்ரான் கம்பெனியின் மெமரி சிப்களை முக்கியக் கட்டமைப்புகளை இயக்கும் நிறுவனங்கள் வாங்கக் கூடாது என்று சீனா சொன்னது அப்படித்தான். முழுத்தடை என்பது கடைசியில் வருவது, அபூர்வமானதும்கூட.

உரிமம் என்றாலும் அதற்குள் இரண்டு வகை உண்டு. அமெரிக்க வணிகத் துறையின் விதிகளில் ‘ஒவ்வொரு விண்ணப்பமாகப் பரிசீலிக்கப்படும்’ என்று இருந்தால் கதவு பாதி திறந்திருக்கிறது. ‘மறுப்பதே பொது நிலை’ என்ற பொருளில் வாசகம் இருந்தால் பெயரளவில்தான் உரிமம், நடைமுறையில் தடை. எனவே உரிமம் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடாமல், அதற்கு அடுத்த வரியையும் படித்துவிடுங்கள்.

மூல அறிவிப்பைக் கையில் எடுங்கள்

இதைச் செய்ய வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் விதிகள் எல்லாம் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வரும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றால் வணிகத் துறையின் கீழுள்ள தொழில் மற்றும் பாதுகாப்புப் பிரிவு. சீனாமீது 1974 வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவில் போட்ட வரி என்றால் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம். சீனப் பக்கம் வர்த்தக அமைச்சகத்தின் தளம். அங்கே ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆண்டும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் தெரிந்தால் பின்னால் அதைத் திருத்தினார்களா, நிறுத்தினார்களா என்று கண்டுபிடிப்பது சுலபம். எண் இல்லாத செய்தி வெறும் பேச்சு.

ஒரே ஒரு அறிவிப்பைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 2024 டிசம்பர் 2 அன்று அமெரிக்கா 140 நிறுவனங்களைத் தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பெயர்ப்பட்டியலில் சேர்த்தது, பெரும்பாலும் சீனாவின் சிப் தயாரிப்பு இயந்திரத் துறையைச் சேர்ந்தவை. மறுநாளே சீனா 46ஆம் எண் அறிவிப்பை வெளியிட்டது. அதில் இரண்டு பத்திகள். முதல் பத்தி: ராணுவத்துக்கும் சாதாரணப் பயன்பாட்டுக்கும் பொதுவான பொருள்களை அமெரிக்க ராணுவப் பயனர்களுக்கு அனுப்பக் கூடாது. இரண்டாம் பத்தி: காலியம், ஜெர்மானியம், ஆன்டிமனி, மிகக் கடினப் பொருள்கள் ஆகியவற்றை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யக் கொள்கையளவில் அனுமதி தருவதில்லை, கிராஃபைட்டுக்குக் கூடுதல் சோதனை.

ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் 9 அன்று, ‘சீனா தடையை நீக்கியது’ என்று செய்திகள் வந்தன. மூல அறிவிப்பைப் படித்தால் மூன்று விஷயம் தெரியும். நிறுத்தியது இரண்டாம் பத்தியை மட்டும். நீக்கவில்லை, நிறுத்திவைத்தார்கள். அதுவும் 2026 நவம்பர் 27 வரை. ராணுவப் பயனருக்கான முதல் பத்தி அப்படியே இருக்கிறது. 2023இல் வந்த உரிம முறையும் அப்படியே இருக்கிறது. ஆக, அமெரிக்காவில் இருக்கும் ஒரு லென்ஸ்காரர் அன்றைக்கு ஆர்டர் போட்டிருந்தாலும் உரிமத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ‘நீக்கியது’ என்ற ஒரு சொல்லை நம்பி ஸ்டாக்கைக் குறைத்தவர் நிலை என்னாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீக்கம், நிறுத்திவைப்பு, தளர்வு, விலக்கு. இந்த நான்கையும் குழப்பாமல் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

தேதிகளைத் தனியாக எழுதுங்கள்

ஒரு அறிவிப்பில் மூன்று தேதியைத் தேடுங்கள்: வெளியிட்ட நாள், நடைமுறைக்கு வரும் நாள், இருந்தால் முடியும் நாள். நான்காவதாக ஒன்றும் அடிக்கடி ஒளிந்திருக்கும்: ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்கு என்ன கதி என்பது.

2018 ஜூலை 6 அன்று இரு நாடுகளும் ஒருவர்மீது ஒருவர் 25 சதவீத வரியைத் தொடங்கின. அமெரிக்கா தன் பக்கத்தில் 34 பில்லியன் டாலர் மதிப்புள்ள சீனப் பொருள்கள்மீது போட்டது. சீனா அமெரிக்க சோயாபீன் உள்ளிட்டவற்றின்மீது போட்டது. அந்த நாளில் பீக் பெகாசஸ் என்ற கப்பல் சுமார் 70,000 டன் அமெரிக்க சோயாபீனோடு சீனாவின் டேலியன் துறைமுகத்தை நோக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வரி தொடங்குவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். சில மணி நேரத்தில் தவறவிட்டது. அப்புறம் ஒரு மாதத்துக்கும் மேல் கரைக்கு வெளியே கடலிலேயே நின்று, ஆகஸ்டில்தான் இறக்கியது. உலகமே அந்தக் கப்பலை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. சரக்கும் கப்பலும் முந்தைய நாள் இருந்ததேதான். மணி மட்டும்தான் தாண்டியிருந்தது.

என் நோட்டில் ஒவ்வொரு அறிவிப்புக்கும் முடியும் நாளைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். 2025 அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு வந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குத்தான். சீனா அக்டோபர் 9 அன்று கொண்டுவந்த புதிய அரிய மண் தனிமக் கட்டுப்பாடுகளை 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைத்தது. ஆனால் 2025 ஏப்ரல் 4 அன்று வந்த 18ஆம் எண் அறிவிப்பை, அதாவது சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டேஷியம், ஸ்காண்டியம், இட்ரியம் என்ற ஏழு தனிமங்களுக்கான உரிம முறையை, நிறுத்திவைக்கவில்லை. மின்சார வாகன மோட்டாரில் இருக்கும் காந்தம் சூட்டில் சக்தி இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் சேர்க்கிறார்கள். காந்தம் வாங்குபவருக்கு எது முக்கியம் என்று இப்போது புரியும்: செய்தியில் பெரிதாக வந்தது அக்டோபர், அவரது வேலையைத் தொடுவது ஏப்ரல்.

எண்ணைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்

கட்டுப்பாடுகள் பெரும்பாலும் பொருளின் பெயருக்குப் போடப்படுவதில்லை. ஏதோ ஒரு எண்ணுக்குத்தான். வரி என்றால் சுங்கக் குறியீட்டு எண். சிப் என்றால் அதன் திறனை அளக்கும் எண். அந்த எண் எங்கே கோடு போடுகிறதோ அங்கேதான் வியாபாரம் முளைக்கும்.

இதற்கு அமெரிக்க ஏஐ சிப் கம்பெனியான என்விடியாவின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா கொண்டுவந்த விதியில் இரண்டு அளவுகள் இருந்தன. ஒன்று கணக்குப் போடும் திறன், அதற்கு வரம்பு 4800. இன்னொன்று ஒரு சிப் பக்கத்துச் சிப்போடு பேசும் வேகம், அதற்கு வரம்பு விநாடிக்கு 600 ஜிகாபைட். இரண்டையும் எட்டினால்தான் கட்டுப்பாடு. என்விடியாவின் ஏ100 இரண்டையும் எட்டியது. கம்பெனி என்ன செய்தது? கணக்குப் போடும் திறனைத் தொடவே இல்லை. பேசும் வேகத்தை 600இலிருந்து 400ஆகக் குறைத்து ஏ800 என்று பெயர் வைத்துச் சீனாவுக்கு அனுப்பியது. எச்100க்கும் அதே வழியில் எச்800 வந்தது.

‘சீனாவுக்கு ஏஐ சிப் தடை’ என்று தலைப்பைப் படித்தவர்கள் அந்த ஆண்டு முழுக்கத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். சட்டப்படியே சிப்கள் போய்க்கொண்டிருந்தன. 2023 அக்டோபர் 17 அன்று வணிகத் துறை பேசும் வேகம் என்ற அளவையே தூக்கிவிட்டு, மொத்தத் திறனையும் சிப்பின் பரப்புக்கு எவ்வளவு திறன் என்பதையும் வைத்துப் புதிய கோடு போட்டது. ஏ800, எச்800 இரண்டும் உள்ளே மாட்டின. உடனே அந்தக் கோட்டுக்கும் கீழே எச்20 வந்தது. 2025 ஏப்ரலில் எச்20க்கும் உரிமம் வேண்டும் என்றார்கள். கம்பெனி 5.5 பில்லியன் டாலர் வரை கணக்கில் இழப்பாக எழுத வேண்டியிருக்கும் என்று அறிவித்தது. ஜூலையில் அனுமதி தருவோம் என்றார்கள். அதே ஜூலை கடைசியில் சீனாவின் சைபர்வெளி நிர்வாகம் அந்தச் சிப்பில் வெளியிலிருந்து ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு என்விடியாவை அழைத்தது. விற்பவர் கதவைத் திறந்தபோது வாங்குபவர் தயங்கி நின்றார்.

ஆகவே புதிய சிப் விதி வந்தால் நான் தேடுவது அந்த எண்ணைத்தான். எண் கிடைத்ததும், அதற்குச் சற்றுக் கீழே என்ன பொருள் செய்ய முடியும் என்று யோசிப்பேன். அடுத்த ஆறு மாதத்துச் செய்தி அங்கே இருக்கும்.

கை எவ்வளவு தூரம் நீளும்?

அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்குள்தானே செல்லும் என்று நினைப்பது இயல்பு. இந்த விஷயத்தில் அப்படி இல்லை.

2019 மே 16 அன்று சீனத் தொலைத்தொடர்புக் கம்பெனியான ஹுவாவே அமெரிக்காவின் பெயர்ப்பட்டியலில் சேர்ந்தது. அத்தோடு கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். நான்கு நாளில் 90 நாள் தற்காலிக உரிமம் வந்தது. ஜூன் கடைசியில் மைக்ரான், தன் சில பொருள்கள் அந்த விதிக்குள் வரவில்லை என்று ஆராய்ந்து பார்த்து, அவற்றை ஹுவாவேக்கு மறுபடி அனுப்பத் தொடங்கியதாகச் சொன்னது. அப்போது சட்டம் பார்த்தது, வெளிநாட்டில் தயாரான பொருளுக்குள் அமெரிக்கச் சரக்கின் பங்கு எவ்வளவு என்பதை. சீனாவைப் பொறுத்தவரை பொதுவாக 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விதி தொடாது.

உண்மையான அடி ஓராண்டு கழித்து 2020 மே 15 அன்று விழுந்தது. அமெரிக்க இயந்திரத்தையோ மென்பொருளையோ வைத்துச் செய்த சிப், ஹுவாவே வடிவமைத்ததாக இருந்தால், எந்த நாட்டில் செய்திருந்தாலும் உரிமம் வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். பொருளுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி போய், எதை வைத்துச் செய்தாய் என்ற கேள்வி வந்தது. தைவானின் சிப் தயாரிப்புக் கம்பெனி டிஎஸ்எம்சி, அந்த ஆண்டு செப்டம்பர் 14க்குப் பிறகு ஹுவாவேக்கு அனுப்பும் திட்டமில்லை என்று சொன்னது. உலகில் எந்த முன்னணிச் சிப் ஆலைக்குள் போனாலும் ஏதாவது ஒரு மூலையில் அமெரிக்க இயந்திரம் நிற்கும். அதுதான் இந்த விதியின் பலம்.

2025 அக்டோபர் 9 அன்று சீனா இதே முறையைக் கையில் எடுத்தது. வெளிநாட்டில் செய்த பொருளில் சீன அரிய மண் தனிமத்தின் மதிப்பு 0.1 சதவீதம் இருந்தால்கூட உரிமம் வேண்டும் என்று ஒரு விதி. இப்போது அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த 0.1 என்ற எண்ணை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் நாடுகளையும் பார்க்க வேண்டும். மிக நுண்ணிய சிப்களைச் செதுக்கும் ஈயூவி இயந்திரத்தை உலகில் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான். உருகிய தகரத் துளிகளை விநாடிக்கு 50,000 வீதம் லேசரால் அடித்து, அதிலிருந்து வரும் 13.5 நானோமீட்டர் ஒளியால் எழுதுகிற இயந்திரம் அது. சீனாவுக்கு ஒன்றுகூடப் போனதில்லை. அதற்கு ஒரு படி கீழேயுள்ள இயந்திரங்களுக்கும் நெதர்லாந்து 2023 ஜூன் 30 அன்று உரிமம் கேட்டது. ஜப்பான் அதே ஆண்டு ஜூலையில் 23 வகைக் கருவிகளைக் கட்டுப்படுத்தியது. நான் தொடக்கத்தில் சொன்ன ஜெர்மானிய அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது? ஜூலை 3. நெதர்லாந்து அறிவித்து மூன்றே நாள். மறுநாள் காலை மேலாளர் கேட்டபோது நான் நெதர்லாந்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அதனால் நோட்டில் இடது பக்கம் ஒருவர் செய்தது, வலது பக்கம் மற்றவர் பதில் என்று எழுதி வாருங்கள். இடது பக்கம் ஏதாவது விழுந்தால், அடுத்த சில நாளில் வலது பக்கம் நிரம்பும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருக்கலாம்.

வரிச் செய்தி என்றால் கூட்டிப் பாருங்கள்

இது சுருக்கமான பகுதிதான், ஆனால் தவறுகள் அதிகம் நடக்கும் இடம். முதல் விஷயம், சீனப் பொருள்மீது அமெரிக்கா போடும் வரியை அமெரிக்கச் சுங்கத்தில் கட்டுபவர் இறக்குமதி செய்பவர். சீன அரசு கட்டுவதில்லை. 2018–19 வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சுமை கிட்டத்தட்ட முழுவதும் அமெரிக்க விலைகளில்தான் ஏறியது என்று கண்டார்கள்.

இரண்டாவது, வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். 2025 ஏப்ரலில் ‘145 சதவீதம்’ என்று எல்லா இடத்திலும் வந்தது. அது ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் பெயரில் போட்ட 20, பதில் வரி என்ற பெயரில் போட்ட 125 இரண்டின் கூட்டல். 2018இல் 301ஆம் பிரிவில் போட்ட பட்டியலில் ஏற்கெனவே 25 சதவீதத்தில் இருந்த ஒரு பொருளுக்கு அதையும் சேர்த்து 170 ஆனது. 100 டாலர் பொருளுக்கு 170 டாலர் வரி. ஏப்ரல் 11 அன்று ஸ்மார்ட்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் விலக்கு என்ற செய்தி வந்தபோது, விலக்கு 125க்கு மட்டும்தான், 20 நின்றது. மே 12 அன்று ஜெனீவாவில் 145ஐ 30ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள், அப்போதும் அந்தப் பழைய 25 நின்றது.

மூன்றாவது, எந்தச் சட்டத்தின் கீழ் போட்டது என்று பாருங்கள். மேலே சொன்ன 20ம் 125ம் 1977ஆம் ஆண்டு அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தில் போட்டவை. அந்தச் சட்டத்தில் போட்ட இத்தகைய வரிகள் செல்லாது என்று 2025 மே 28 அன்று அமெரிக்க சர்வதேச வர்த்தக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 301ஆம் பிரிவு வரிகள் அந்த வழக்கில் வரவே இல்லை. அடித்தளம் வேறு என்றால் ஆயுளும் வேறு.

உங்களுக்கு இரண்டு படி மேலே பாருங்கள்

என் தவறு நடந்த இடம் இதுதான், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன். அறிவிப்பில் உங்கள் பொருள் இல்லை என்றால் வேலை முடியவில்லை. உங்கள் சப்ளையர் எதை வாங்குகிறார், அவருடைய சப்ளையர் எதை வாங்குகிறார் என்ற இரண்டு படியையும் பார்க்க வேண்டும்.

2025 இலையுதிர் காலத்தில் கார் கம்பெனிகளுக்கு இதே அடி விழுந்தது. அமெரிக்கா செப்டம்பர் 29 அன்று ஒரு விதி கொண்டுவந்தது: பட்டியலில் உள்ள நிறுவனம் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் துணை நிறுவனங்களுக்கும் அதே கட்டுப்பாடு. நெதர்லாந்தின் நெக்ஸ்பீரியா கம்பெனியின் உரிமையாளர் சீனாவின் விங்டெக். அது 2024 டிசம்பரிலேயே பட்டியலில் இருந்தது. செப்டம்பர் 30 அன்று டச்சு அரசு, நிர்வாகத்தில் குறைபாடு என்று சொல்லி, நெக்ஸ்பீரியாவின் முடிவுகளைத் தடுக்கும் அதிகாரத்தைக் கையில் எடுத்தது. அக்டோபர் 4 அன்று சீனா, நெக்ஸ்பீரியாவின் சீன ஆலையிலிருந்து பொருள் வெளியே போவதை நிறுத்தியது. சிப்பின் வேஃபர் (பல சிப்கள் அடங்கிய வட்டத் தட்டு) ஐரோப்பாவில் தயாராகும்; ஆனால் அதில் பெரும்பங்கை வெட்டி உறையிட்டு முடிப்பது சீனாவின் டோங்குவானில். விலை உயர்ந்த ஏஐ சிப் எதுவும் இல்லை, டயோடு, டிரான்சிஸ்டர் போன்ற சில சென்ட் மதிப்புள்ள துண்டுகள். அவை இல்லாமல் கார் உற்பத்தி தடுமாறியது. அந்தக் கார் கம்பெனிகளின் பெயர் எந்த அறிவிப்பிலும் இல்லை.

என் லென்ஸும் அப்படித்தான். ஆறு வகைகளில் லென்ஸ் இல்லை என்று பார்த்தவன், ‘சுத்திகரித்த இங்காட்’ என்ற வரியில் விரலை நிறுத்தி, லென்ஸ் எதிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை வெற்றி–தோல்விச் செய்திகளைப் பற்றி. 2023 ஆகஸ்ட் 29 அன்று, அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் ஜீனா ரைமண்டோ சீனாவில் இருந்த நாளில், ஹுவாவே மேட் 60 புரோ என்ற போனை விற்பனைக்கு வைத்தது. உள்ளே சீனாவின் எஸ்எம்ஐசி செய்த 7 நானோமீட்டர் சிப். கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று ஒரு கூட்டம், அந்தச் சிப் பழைய தலைமுறைதான் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதையும் படியுங்கள், ஆனால் அதை வைத்து வாங்குவது விற்பது என்று முடிவு செய்யாதீர்கள். இந்த விஷயத்தில் ஒரு போன் வந்தது என்பதைவிட, எத்தனை சிப் என்ன செலவில் வருகிறது என்பதே கணக்கு. அதற்கு ஆண்டுகள் ஆகும்.

இப்போது நான் என்ன செய்கிறேன்

‘தடை’ என்ற சொல் கண்ணில் பட்டால் முதல் ஒரு மணி நேரம் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அறிவிப்பின் எண்ணைத் தேடுகிறேன். எந்த வகை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கோடு எந்த எண்ணில், கை எவ்வளவு தூரம் என்று நான்கு வரி எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் முந்தைய வாரம் என்ன செய்தது என்று பார்க்கிறேன். அப்புறம் சப்ளையருக்கு ஒரு மெயில்.

முன்பெல்லாம் “உங்களுக்குப் பாதிப்பு உண்டா?” என்று கேட்பேன். “இல்லை” என்று பதில் வரும். நான் மேலாளருக்குச் சொன்ன அதே பதில். இப்போது கேட்பது இப்படி: “இந்த அறிவிப்பின் பட்டியலில் உள்ள எந்தப் பொருளையாவது நீங்களோ, உங்களுக்குக் கொடுப்பவரோ வாங்குகிறீர்களா? இன்றைக்குக் கையில் எத்தனை வாரத்துக்கு இருக்கிறது? உரிமத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா, எந்தத் தேதியில்?” மூன்று கேள்விக்கும் எண்ணாகவும் தேதியாகவும் பதில் வரும்வரை ஃபைலை மூடுவதில்லை.